எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார், இரவில் தனியாக எழுகிறார்: மருத்துவமனையில் அப்பா விழாமல் இருக்க

கேள்வி: என் அப்பாவுக்கு 77 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், புராஸ்டேட் மூன்றும் உண்டு. கால் விரலில் புண் பழுத்துப்போய் மருத்துவமனையில் சேர்த்தோம். சிறிய அறுவை சிகிச்சை முடிந்து இப்போது டிரிப் வழியாக மருந்து ஏறுகிறது. இரவில் யாரையும் கூப்பிடாமல், சாப்பாட்டு மேசையையும் டிரிப் கம்பியையும் பிடித்துக்கொண்டு தானே கழிவறைக்குப் போகிறார். போன வாரம் அப்படிப் போகும்போது முழங்கால் மடங்கிச் சுவரோரம் சரிந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. தாதியர் படம் போட்ட கையேடு கொடுத்தார்கள், காணொளியும் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் “சரி சரி” என்று தலையாட்டிவிட்டு அன்று இரவே மறுபடி எழுந்து போகிறார். பொறுக்க முடியாமல் வார்டிலேயே சத்தம் போட்டேன். அதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கட்டில் தடுப்புகளை எல்லாம் ஏற்றிவிடச் சொல்லலாமா? தேவைப்பட்டால் கட்டி வைக்கச் சொல்லலாமா? அடுத்த வாரம், உடம்பு தேறும்வரை தங்கிப் பயிற்சி பெறும் சமூக மருத்துவமனைக்கு மாற்றப் போகிறார்கள். அவருக்குப் புரிய வைப்பது எப்படி?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: மூத்த தாதி, முதியோர் பராமரிப்பு

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டி வைக்கலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நான்கு தடுப்புகளையும் ஏற்றிவிடுவதும் வேண்டாம். எழுந்து நடக்க முடிகிற ஒருவரைச் சுற்றித் தடுப்பு வைத்தால் அவர் படுத்திருக்க மாட்டார், தடுப்பின் மேல் ஏறி இறங்கப் பார்ப்பார். அப்போது விழுந்தால் கட்டிலின் உயரத்தோடு தடுப்பின் உயரமும் சேர்ந்துகொள்ளும். கையைக் கட்டினால் மனிதர் முரண்டுபிடிப்பார், இழுப்பார், தோல் புண்ணாகும், உடம்பும் தளரும். வேறு வழியே இல்லாத நிலைமைக்கென்று மருத்துவமனைகள் ஒதுக்கி வைத்திருக்கிற கடைசி முறை அது. உங்கள் அப்பா அந்த நிலைமையில் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அப்பாவுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாக எழக்கூடாது என்பது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். ஆனால் அது அடுத்த கட்டிலில் இருக்கிற, எழுந்து நிற்கவே முடியாத மனிதருக்குச் சொன்னது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். வார்டில் நான் பார்த்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். கேட்டால் “நான் நல்லாத்தானே நடக்கிறேன் மிஸ்ஸி” என்பார்கள். பொய் சொல்வதில்லை. சேர்வதற்கு முந்தின வாரம் வரை நன்றாக நடந்தவர்கள்தான். ஒரு வாரத்தில் உடம்பு மாறிவிட்டது, மனதுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இது அப்பாவின் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை என்று நீங்கள் நம்ப ஒரு கணக்குச் சொல்கிறேன். நோயாளி விழும் வாய்ப்பை அளக்கத் தாதியர் பயன்படுத்தும் கருவிகளில் மோர்ஸ் அளவுகோல் மிகவும் தெரிந்தது. 1980களில் கனடாவில் ஜேனிஸ் மோர்ஸ் என்ற தாதிமை ஆய்வாளர் உருவாக்கியது. அதில் ஆறே கேள்விகள். அண்மையில் விழுந்திருந்தால் 25 புள்ளி. ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15. டிரிப் ஏறிக்கொண்டிருந்தால் 20. நடை தளர்ந்திருந்தால் 10. கைத்தடியோ நடைச்சட்டமோ பிடித்து நடந்தால் 15, ஆனால் மேசை நாற்காலியைப் பிடித்து நடந்தால் 30. கைத்தடியைவிட மேசைக்கு இரட்டிப்பு. கடைசிக் கேள்விதான் நமக்கு முக்கியம்: நோயாளி தன்னால் முடிந்ததைவிட அதிகம் முடியும் என்று நினைக்கிறாரா? ஆம் என்றால் 15. அதாவது தன் பலத்தைக் கூட்டி மதிப்பிடுவதே விழுவதற்கான ஒரு காரணமாக அந்தத் தாளில் அச்சாகியிருக்கிறது. உங்கள் அப்பாவுக்குக் கூட்டிப் பாருங்கள், 115 வரும். மொத்தமே 125தான். 45ஐத் தாண்டினாலே பல இடங்களில் அபாயம் அதிகம் என்று குறித்துவிடுவார்கள். உங்கள் வார்டில் வேறு கருவி இருக்கலாம், அது கேட்பதும் ஏறக்குறைய இதையேதான்.

இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டச் சொல்லவில்லை. மதிப்பெண் காட்டினால் இன்னும் முறுக்கிக்கொள்வார். உங்களுக்காகச் சொன்னேன்.

அவரிடம் பேச வேண்டியது அவர் உடம்பைப் பற்றி. பொதுவாக “வயசாயிடுச்சு, பார்த்துப் போங்க” என்றால் எந்த அப்பாவும் கேட்கமாட்டார். அவருடைய காரணங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பல வருடச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், தரை ஈரமா காய்ந்ததா என்பதே தாமதமாகத்தான் தெரியும். இப்போது ஒரு காலில் கட்டு வேறு. புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் சேர்ந்தால், படுத்திருந்து சட்டென்று எழும்போது அழுத்தம் இறங்கிவிடக்கூடும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலோ, கீழ் எண் 10 இறங்கினாலோ அதை மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமாக எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கே தாதியிடம், “அப்பாவுக்குப் படுத்தபடி ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்க்க முடியுமா?” என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்களையும் அப்பாவே பார்க்கட்டும். மகள் சொல்வதை நம்பாதவர்கூட எந்திரம் காட்டுவதை நம்புவார். நிற்கும்போது அழுத்தம் நிஜமாகவே இறங்கினால் மருத்துவர் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றலாம். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையும் தூக்க மாத்திரையும் பட்டியலில் இருக்கின்றனவா, எந்த நேரத்துக்கு என்று மட்டும் கேட்டு வையுங்கள். மாலையில் ஒன்றும் படுக்கும் நேரத்தில் இன்னொன்றுமாக இருந்தால், இரவு இரண்டு மணிக்கு அவர் அரைத் தூக்கத்தில் எழுவதற்கு நாமே ஏற்பாடு செய்தது மாதிரி ஆகிவிடும்.

அடுத்து அந்தக் கையேடும் காணொளியும். அவை வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் தனியாக வேலை செய்யாது. இதை ஆஸ்திரேலியாவில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 1206 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இன்னொரு பிரிவுக்குக் கையேடும் காணொளியும். மூன்றாம் பிரிவுக்கு அவற்றோடு, ஒருவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்து பேசினார்: நீங்கள் எப்போது விழக்கூடும், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரவர் திட்டத்தை அவரவர் வாயாலேயே சொல்ல வைத்தார். கையேடு மட்டும் பெற்றவர்களுக்கும் எதுவும் பெறாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேச ஆள் வந்த பிரிவில், மனத் தெளிவோடு இருந்தவர்கள் விழுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2015இல் எட்டு மறுவாழ்வு வார்டுகளில் 3606 பேரிடம் இதே வழியைச் செய்து பார்த்தபோதும், நோயாளி தன் தடைகளாகச் சொன்னதை அந்தந்த வார்டுத் தாதியரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, விழுவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. ஆனால் கட்டிலை விட்டு எழுந்தால் கத்தும் அலாரங்களை அமெரிக்காவில் 16 வார்டுகளில் சோதித்தபோது விழுவது குறையவில்லை. அலாரம் அடிக்கும்போது மனிதர் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருக்கிறார் அல்லவா?

ஆகவே அப்பாவுக்கு இன்னொரு முறை எடுத்துச் சொல்வதை விடுங்கள், அவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நாளை மாலை நீங்கள் போகும்போது, அந்த வார்டில் தமிழ் பேசும் தாதி யாராவது பணியில் இருந்தால் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பிசியோதெரபிஸ்ட் வரும் நேரமாகப் பார்த்துப் போங்கள், நீங்கள் மொழிபெயர்க்கலாம். இங்கே பல வார்டுகளில் பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா என்று பல நாட்டுத் தாதியர் வேலை செய்கிறார்கள். ஆங்கிலத்தில் அன்பாகத்தான் சொல்வார்கள். அப்பாவும் மரியாதைக்குத் தலையாட்டுவார். துறைமுகத்தில் இருந்தவர் என்பதால் மலாய் சரளமாக வரும். மலாய்க்காரத் தாதி ஒருவர் இருந்தால் அவரோடு அப்பா நன்றாகவே பேசிக்கொள்வார், அதையும் விட்டுவிடாதீர்கள்.

அங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். “அப்பா, இப்போ ராத்திரி ரெண்டு மணி. விளக்கெல்லாம் அணைச்சாச்சு. உங்களுக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது. என்ன செய்வீங்கன்னு செஞ்சு காட்டுங்க.” சொல்லிவிட்டுச் சும்மா அவர் கையைப் பாருங்கள்.

பல விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும். அழைப்பு மணி தலையணைக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். டிரிப் குத்தியிருக்கும் கைப்பக்கம் மணியை மாட்டியிருப்பார்கள், அந்தக் கையை அசைக்கப் பயந்துகொண்டு அவர் தொடவே மாட்டார். விளக்குப் பொத்தானும் மணிப் பொத்தானும் ஒரே கருவியில் இருக்கும், கண்ணாடி போடாமல் எது எதென்று தெரியாமல் விளக்கைப் போட்டுவிட்டு ஆள் வரவில்லையே என்று காத்திருந்திருப்பார். ஒருவேளை முதல் இரவு மணி அடித்து, யாரும் வரத் தாமதமாகி, படுக்கை நனைந்துபோயிருக்கும். அதற்குப்பிறகு அவர் மணியை நம்பாததில் தப்பே இல்லை. இதை எந்த அப்பாவும் மகளிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நீங்கள்தான் பக்குவமாகக் கேட்க வேண்டும். தாதியிடமும் குற்றம் சொல்கிற தொனி இல்லாமல், “அப்பாவுக்கு அடக்க முடியாது, மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் வர முடியும்?” என்று கேளுங்கள். உடனே வர முடியாத நேரங்கள் வார்டில் உண்டு. அதற்கு மாற்று வழி கட்டிலருகே சிறுநீர்ப் போத்தல். கைக்கு எட்டும் பக்கத்தில் மாட்டி, அதையும் ஒரு தடவை உட்கார்ந்தபடி பழக்கிவிட வேண்டும்.

வார்டுகளில் விழுகிறவர்களில் பலர் கழிவறைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ உள்ளே இருக்கும்போதோதான் விழுகிறார்கள். ஆகவே மணி அடிக்கக் கற்றுக்கொடுப்பதில் பாதி வேலை, மணி அடிக்கும் தேவையைக் குறைப்பது. படுப்பதற்கு முன் ஒரு தடவை, தாதியர் நள்ளிரவில் சுற்றி வரும்போது ஒரு தடவை என்று அவர்களே வந்து அழைத்துப்போகும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள். அவசரம் வந்தபின் யாரும் நிதானமாக நடப்பதில்லை.

வெட்கம் பற்றியும் பேசியாக வேண்டும். பேத்தி வயதில் ஒரு பெண் கையைப் பிடித்துக் கழிவறைக்குள் கூட்டிப்போவது உங்கள் அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாற்பது வருடம் மூட்டை, கொள்கலன், கப்பல் என்று இருந்த மனிதர். கழிவறையில் ஏன் கூட இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது: நின்றபடி சிறுநீர் கழித்து முடிக்கும் கணத்திலேயே சில ஆண்களுக்கு அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், அதுவும் நடு இரவில். அதனால் உட்கார்ந்தே போகச் சொல்லுங்கள். கதவைச் சாத்தாமல் திரை மட்டும் இழுத்துவிட்டுத் தாதி வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கலாம். ஆண் தாதி இருக்கும் பணிநேரத்தில் அவரை அனுப்பச் சொல்லலாம். இந்த ஏற்பாட்டை அப்பா முன்னிலையிலேயே தாதியிடம் பேசி முடிவு செய்யுங்கள், அவர் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். தன் மானம் காக்கப்படுகிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் மணி அடித்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

மீதிப் பேர் மணி அடிக்காததற்குக் காரணம் இரக்கம். “பாவம், அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ வேலை, நான் வேற எதுக்கு?” நம் ஆட்களிடம் இது அதிகம். அவர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: ஐயா, உங்களைக் கூட்டிப்போக ஐந்து நிமிடம். நீங்கள் விழுந்தால் மூன்று பேர் ஓடி வர வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், விடியும்வரை அடிக்கடி கண்ணில் விளக்கடித்துப் பார்க்க வேண்டும், ஒரு கட்டு அறிக்கை எழுத வேண்டும். எங்களுக்கு உதவ நினைத்தால் மணி அடியுங்கள். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் குறைவு.

உங்கள் அப்பாவுக்கென்றே இன்னொன்றும் சொல்லலாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், கீழே நின்று சைகை காட்டுகிறவர் இல்லாமல் பாரத்தை இறக்கமாட்டார். அதை யாரும் அவருக்குக் கேவலமாக நினைப்பதில்லை, அதுதான் வேலை செய்யும் முறை. இப்போதைக்குத் தாதிதான் சைகை காட்டுகிறவர் என்று சொல்லிப் பாருங்கள். எடுபடும் என்றுதான் நினைக்கிறேன்.

எழும் முறையையும் அப்படியே பழக்குங்கள். ஒருக்களித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கால் தரையில் பதிகிறதா என்று பார்ப்பது. பதியாவிட்டால் கட்டிலை இறக்கச் சொல்வது. பாதத்தை மேலும் கீழுமாகக் கொஞ்ச நேரம் அசைப்பது. அவசரப்படாமல் ஒரு நிமிடம். தலை கிறுகிறுக்கவில்லை என்றால், ஆள் வந்தபின் எழுந்து நிற்பது. நின்ற இடத்திலேயே சற்று நிற்பது. அப்புறம்தான் முதல் அடி. சாப்பாட்டு மேசையையும் டிரிப் கம்பியையும் காட்டி, “இதுக்கு அடியில என்ன இருக்கு பாருங்கப்பா” என்று கேளுங்கள். இரண்டுக்கும் சக்கரம். உடம்பின் பாரம் விழுந்த நொடியே ஓடிவிடும். தடியோ நடைச்சட்டமோ தேவையா என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். வீட்டில் தாத்தாவின் பழைய தடி ஒன்று கிடக்கிறதே என்று கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், உயரம் பொருந்தாத தடி வேறு தொல்லை.

உடை, செருப்பு பற்றிச் சுருக்கமாக. கைலி கட்டித்தான் படுப்பேன் என்றால் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி கட்டட்டும், இரவில் அவிழ்ந்து காலில் சுற்றிக்கொள்வது நடக்கிற விஷயம். வெறும் காலுறையோடு நடக்க வேண்டாம். ரப்பர் சிலிப்பரும் வேண்டாம். குதிகாலைப் பிடிக்கிற, அடியில் வழுக்காத செருப்பு ஒன்று வாங்குங்கள். காலில் கட்டு இருப்பதால் எது நுழையும் என்று புண்ணுக்கு மருந்து போடும் தாதியைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

இத்தனையும் மனத் தெளிவோடு இருப்பவருக்கு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் சொன்ன 2011 ஆய்வில் நினைவு குழம்பியிருந்தவர்களுக்கு இந்தப் பாடம் பயன்படவில்லை. முதியவர்களுக்குத் தொற்று இருக்கும்போது திடீரென்று குழப்பம் வரலாம். பகலில் சரியாகப் பேசியவர் மாலையானதும் “ஷிஃப்டுக்கு நேரமாச்சு, பஸ்ஸைப் பிடிக்கணும்” என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், அல்லது வழக்கத்துக்கு மாறாக ஒரேயடியாகத் தூங்கி வழிவார். உங்கள் அப்பாவிடம் அப்படி ஏதாவது தெரிந்தால் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டு உடனே தாதியிடம் சொல்லுங்கள்: “இவர் எப்போதும் இப்படி இருப்பவர் இல்லை.” அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குப் பெரிய உதவி, ஏனென்றால் அவர் எப்போதும் எப்படி இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியாது. காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து என்று காரணத்தைத் தேடுவார்கள். தாதியர் மேசைக்கு அருகே கட்டிலை மாற்றலாம். இரவில் குடும்பத்தில் ஒருவர் தங்க அனுமதி கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

நீங்கள் வார்டை விட்டுக் கிளம்பும் நேரம் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் இருக்கும்வரை தண்ணீர், கண்ணாடி, கைப்பேசி எல்லாம் எடுத்துக் கொடுப்பீர்கள். போகும்போது மேசையைத் தள்ளி வைத்துவிட்டுப் போவீர்கள், அரை மணி நேரம் கழித்து அவர் அதை எட்டி எடுக்கப் பார்ப்பார். அதனால் கிளம்புமுன் ஒரு தடவை தாதியை அழைத்துக் கழிவறைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். மணி, கண்ணாடி, தண்ணீர், போத்தல் நான்கும் அவர் கைக்கு எட்டுகின்றனவா என்று அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தாதியிடம் “நான் கிளம்புகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவரைக் கட்டிலிலேயே கிடத்திவிடாதீர்கள். உடல்நலமுள்ள முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. அவர்கள் நோயே இல்லாதவர்கள். படுத்தே இருந்தால் இந்த வாரம் விழமாட்டார், வீட்டுக்கு வந்தபின் விழுவார். புண்ணுள்ள காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, அதற்குள் பகலில் ஆள் துணையோடு நடக்கட்டும், சாப்பாட்டுக்கு நாற்காலியில் உட்காரட்டும். தனியாக எழக்கூடாது என்றால் எழவே கூடாது என்று அர்த்தமில்லை, இதை அப்பாவுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். சிலர் பயந்துபோய் அசையாமல் கிடந்துவிடுகிறார்கள்.

நீங்கள் சத்தம் போட்டதைப் பற்றி நான் பெரிதாக எதுவும் சொல்லப் போவதில்லை, பயத்தில் வந்த கோபம். ஆனால் மற்ற நோயாளிகள் முன்னால் நடந்தது அவரைச் சுட்டிருக்கும். தனியாக இருக்கும்போது “அப்பா, நீங்க சரிஞ்சு விழுந்தீங்கன்னு போன் வந்தப்போ எனக்குக் கை காலே ஓடல” என்று ஆரம்பியுங்கள். அப்படியே, விழுந்த அன்று என்ன நடந்தது என்று அவரையே சொல்ல விடுங்கள். குறுக்கே பேசாதீர்கள். எங்கே கால் மடங்கியது, எதைப் பிடித்தார், முன்னால் தலை சுற்றியதா. அவர் சொல்வது மருத்துவருக்கும் தேவைப்படும் தகவல்.

இனி சமூக மருத்துவமனைக்கு மாறுவது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இங்கே கழிவறை கட்டிலுக்கு வலப்பக்கம் என்று கால் பழகியிருக்கும், அங்கே இடப்பக்கம் இருக்கும். மணியின் வடிவம் வேறு, தாதியர் வேறு, விளக்கு வேறு. முதல் சில இரவுகளில்தான் கவனம் அதிகம் வேண்டும். போய்ச் சேர்ந்த அன்றைக்கே அந்த “ராத்திரி ரெண்டு மணி” ஒத்திகையை முதலிலிருந்து செய்யுங்கள். இங்கே ஒருமுறை விழுந்தார் என்பதையும், கழிவறைக்குச் செய்திருந்த ஏற்பாட்டையும் அங்கேயுள்ள தாதியிடம் நீங்களே வாயால் சொல்லுங்கள். கோப்பில் இருக்கும்தான், இருந்தாலும் சொல்லுங்கள். அங்கே அவர் தங்கும் நாள்களில் பிசியோதெரபி கிடைக்கும். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளப்போவது பணிப்பெண் என்றால் அவரையும் ஒரு நாள் கூட்டிப்போய், எழுப்பும் முறையையும் நடத்தும் முறையையும் தாதியரிடமே கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். இந்தோனேசியப் பெண் என்றால் அப்பாவின் மலாய் அங்கேயும் கைகொடுக்கும்.

வீட்டு வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள். நீங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருந்தால், 65 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் வீட்டில் இருக்கிறார் என்பதால், முதியோருக்கு ஏற்றபடி வீட்டை மாற்றித் தரும் ‘ஈஸ்’ திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2012இலிருந்து இருக்கிற திட்டம், 2024இல் விரிவாக்கியிருக்கிறார்கள். கழிவறையில் கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத தரைப் பூச்சு, குளிக்கும்போது உட்கார மடக்கு இருக்கை போன்றவை அதில் வரும். செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கும், வீட்டின் வகையைப் பொறுத்து உங்கள் பங்கு 5 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடு வரைதான். அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக வீவக இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆள் வந்து கம்பி பொருத்த நாளாகும். அப்பா வீடு திரும்பும் தேதி தெரிந்தபிறகு விண்ணப்பித்தால் அவர் வந்து சேர்ந்தபின்தான் சுவரைத் துளைப்பார்கள். சனிக்கிழமை எண்ணெய் முழுக்குப் பழக்கம் இருக்கிற வீடென்றால், கம்பி வரும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். படுக்கையறையிலிருந்து கழிவறை வரை இரவு முழுக்க எரிகிற சிறிய விளக்கு ஒன்றை மட்டும் இந்த வாரமே வாங்கி மாட்டிவிடலாம்.